பென்னி லாவா பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவுக்காரர்கள், அவர்களோடு வேலை செய்கிறவர்கள், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் என்று பலர் என்னிடம் இந்த ஒரு பாட்டைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். இனி இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே போட்டிருக்கிறேன்.

பென்னி லாவா, பென்னி லாவான்னு சொல்றாங்களே, அது என்ன பாட்டு?

‘பெண்ணின் மனதைத் தொட்டு’ படத்தில் வரும் ‘கல்லூரி வானில் காய்ந்த நிலாவோ’ என்ற பாட்டு. படம் 2000-ஆம் ஆண்டு வந்தது. இயக்கியவர் எழில், இசை எஸ். ஏ. ராஜ்குமார். திரையில் ஆடுகிறவர்கள் பிரபுதேவாவும் ஜெயா சீலும்.

2007-இல் ஒரு அமெரிக்கர் இந்தப் பாட்டுக் காட்சியின் அடியில் ஆங்கில வரிகளைப் போட்டு யூடியூபில் ஏற்றினார். அவை மொழிபெயர்ப்பு அல்ல. தமிழ் தெரியாத ஒரு காதுக்கு அந்த வரிகள் எந்த ஆங்கிலச் சொற்களைப் போல ஒலித்தனவோ, அந்தச் சொற்கள். அதில் திரும்பத் திரும்ப வந்த சொல் ‘பென்னி லாவா’ (Benny Lava). பாட்டுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

பென்னி லாவாங்கிறது யாரு? உண்மையிலேயே அப்படி ஒருத்தர் இருக்காரா?

இல்லை. ‘காய்ந்த நிலாவோ’ என்ற சொற்களின் பின்பாதிதான் அப்படிக் கேட்டிருக்கிறது. ஆனால் அந்த வீடியோவைப் பார்த்தவர்களில் பலர் அதை ஆடுகிறவரின் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். அதனால் அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்கு பிரபுதேவாவின் பெயர் பென்னி லாவா.

இது பாலிவுட் பாட்டுன்னு என் ஆபீஸ்ல சொல்றாங்க. சரியா?

சரியில்லை. பாலிவுட் என்பது மும்பையில் எடுக்கப்படும் இந்திப் படங்களுக்கான பெயர். இது கோடம்பாக்கத்துப் படம், தமிழ்ப் பாட்டு. இந்தியாவில் எடுத்த எந்தப் பாட்டையும் பாலிவுட் என்று சொல்வது வெளியூரில் பழகிப்போன வழக்கம். கேட்கும்போதெல்லாம் பொறுமையாகத் திருத்துங்கள். ஒரு தடவை சொன்னால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகத் தெரிந்துகொள்கிறார்கள், அது என் அனுபவம்.

நம்ம ஊர்ல இந்தப் பாட்டு ஹிட்டா? நான் கேள்விப்பட்டதே இல்லையே.

நீங்கள் கேள்விப்படாததில் ஆச்சரியம் இல்லை. எழிலும் எஸ். ஏ. ராஜ்குமாரும் அதற்கு முந்தைய ஆண்டுதான் ‘துள்ளாத மனமும் துள்ளும்’ கொடுத்திருந்தார்கள். அந்தப் படம் நின்ற அளவுக்கு இது மக்கள் மனதில் நிற்கவில்லை. இந்தப் படத்திலிருந்து இன்றும் காதில் விழுவது உன்னிகிருஷ்ணன் பாடிய ‘கண்ணுக்குள்ளே உன்னை வைத்தேன் கண்ணம்மா’தான். இரவு நேரப் பேருந்தில் போனால் எப்படியும் ஒருமுறை அது வந்துவிடும்.

அந்த மெலடியின் நிழலில் ‘கல்லூரி வானில்’ மறைந்துபோனது. பிரபுதேவா படம் என்றால் ஒரு வேகமான ஆட்டப் பாட்டு வேண்டும், அந்தக் கணக்கில் வைத்த பாட்டாகத்தான் இங்கே அதைப் பார்த்தார்கள். ‘காதலன்’ படத்தில் ‘முக்காபுலா’வைப் பார்த்துவிட்ட கண்களுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. அதே ஆட்டத்தை முதன்முதலாகப் பார்த்த ஒரு அமெரிக்க மாணவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த வீடியோவைப் போட்டது யார்? எதுக்காகப் போட்டார்?

‘பஃபலாக்ஸ்’ என்ற புனைபெயரில் இயங்கிய ஒருவர். விளையாட்டுக்காகச் செய்தது அது. யூடியூப் தொடங்கி அப்போது இரண்டே வருடம் ஆகியிருந்தது. ஒருவர் கண்டெடுத்த சின்னத் துண்டு, நண்பர், நண்பரின் நண்பர் என்று கைமாறிக் கைமாறி லட்சக்கணக்கானவர்களுக்குப் போய்ச் சேர்ந்த காலம். இந்த வீடியோ பரவிய வேகத்தில், வேற்றுமொழிப் பாட்டுக்கு ஒலியை வைத்து ஆங்கில வரி எழுதுவதற்கே ‘பஃபலாக்ஸ் பண்ணுவது’ என்று பெயர் வந்துவிட்டது.

யூடியூபின் இந்தியப் பதிப்பு 2008 மே மாதம்தான் வந்தது. அப்போது இங்கே பெரும்பாலான வீடுகளில் வீடியோ பார்க்கிற அளவுக்கு இணைய வேகமும் இல்லை. அதனால் நம் பாட்டு அமெரிக்காவில் பிரபலம் என்ற செய்தியே நம்மில் பலருக்கு அங்கிருந்த சொந்தக்காரர்கள் சொல்லித்தான் தெரியும்.

எந்த வரி எப்படி மாறிச்சு? கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முதல் வரி: ‘கல்லூரி வானில் காய்ந்த நிலாவோ’. அது ‘மை லூனி பன் இஸ் ஃபைன், பென்னி லாவா’ ஆனது. இரண்டையும் மெதுவாக ஒன்றன் கீழ் ஒன்றாகச் சொல்லிப் பாருங்கள். ‘கல்லூரி’யில் உள்ள நெடில் ‘லூ’ அப்படியே ‘லூனி’யில் இருக்கிறது. ‘ரி’ மட்டும் ‘னி’யாகிவிட்டது. நம் ‘ர’வுக்கு நாக்கின் நுனி மேலண்ணத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கும். அமெரிக்க ஆங்கிலத்தின் ‘ர’வில் நாக்கு எதையும் தொடாது. அதனால் அவர்கள் காதுக்கு நம் ‘ர’ அவர்களுடைய ‘ர’வாகப் படுவதில்லை, நாக்கு தட்டி எழும் வேறு ஏதோ எழுத்தாகத் தோன்றுகிறது. ‘வானில்’ என்பது ‘பன் இஸ்’ ஆனது. அங்கே ‘வ’வும் ‘ப’வும் கலந்துவிட்டன.

அடுத்து ‘காய்ந்த’. எழுத்தில் ‘த’ வல்லினம்தான். ஆனால் ‘ந்’ என்ற மெல்லினத்துக்குப் பின்னால் வரும்போது நாம் அதை மெலிந்த ஒலியாகத்தான் சொல்கிறோம். ‘தந்தம்’ என்று சொல்லிப் பாருங்கள், முதல் ‘த’வும் நடுவில் வரும் ‘த’வும் ஒன்றல்ல. பள்ளியில் இதை யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை, தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. அந்த மெலிந்த ஒலி, மேளச் சத்தத்துக்கு நடுவில், ‘காய்ந்’ என்பதை ‘ஃபைன்’ என்று கேட்டுவிட்ட காதுக்கு, அடுத்த சொல்லின் முதலெழுத்தாக, ‘பெ’ என்று விழுந்திருக்கிறது. கடைசியில் ‘நிலாவோ’. அதில் ‘வோ’ மட்டும்தான் ‘வா’ ஆனது. ‘நிலா’ இரண்டெழுத்தும் சேதமில்லாமல் ‘பென்னி லாவா’வின் நடுவே உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது வரியும் இதே கதைதான். ‘மாணவர் நெஞ்சில் மேய்ந்த நிலாவோ’ என்பது ‘மைனர் பன் எஞ்ஜின் மேட் பென்னி லாவா’. ‘நெஞ்சில்’ எப்படி ‘எஞ்ஜின்’ ஆனது என்று பாருங்கள், ‘ஞ்ச’ என்ற கூட்டு கொஞ்சமும் மாறவில்லை. இதை எழுதியவர் தமிழ் தெரியாதவர்தான். ஆனால் கூர்ந்து கேட்டிருக்கிறார்.

எனக்குத் தமிழ் தாய்மொழி. ஆனாலும் அந்த வீடியோ பார்த்த பிறகு எனக்கும் இங்கிலீஷாதான் கேக்குது. எனக்கு என்ன ஆச்சு?

ஒன்றும் ஆகவில்லை. பாட்டில் சொற்கள் நீண்டும் நசுங்கியும் வாத்தியங்களுக்கு அடியில் புதைந்தும் வருகின்றன. மூளை பாதியைக் கேட்கிறது, மீதியை எதிர்பார்ப்பை வைத்து நிரப்பிக்கொள்கிறது. திரையில் எழுத்தைப் படித்த கணமே அந்த எதிர்பார்ப்பு மாறிவிடுகிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இந்தப் பாட்டையே கேட்டிராத ஒருவரிடம், திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் போடுங்கள். தமிழ் தெரிந்தவருக்கு அது தமிழாகவே கேட்கும். தமிழ் தெரியாதவருக்கு ‘பன்’னும் ‘எஞ்ஜினு’ம் கேட்க வாய்ப்பு குறைவு, வெறும் ஒலியாகத்தான் போகும். எழுத்தைக் காட்டிய பிறகு இரண்டு பேருமே அதிலிருந்து தப்பிக்க முடியாது.

இப்படித் தப்பாக் கேக்கறதுக்கு ஏதாவது பேர் இருக்கா?

ஆங்கிலத்தில் ‘மாண்டகிரீன்’ என்பார்கள். சில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1954-இல் வைத்த பெயர். சிறுமியாக இருந்தபோது ஒரு பழைய ஸ்காட்லாந்துக் கதைப்பாடலில் ‘அவனைப் புல்வெளியில் கிடத்தினார்கள்’ என்ற பொருளில் வந்த வரியை, ‘லேடி மாண்டகிரீன்’ என்ற ஒரு சீமாட்டியின் பெயராகக் கேட்டு வளர்ந்தாராம். இல்லாத அந்தப் பெண்மணிக்கும் இல்லாத பென்னி லாவாவுக்கும் பிறப்பு ஒன்றுதான்.

வேற்றுமொழிப் பாட்டைத் தன் மொழியாகக் கேட்பதற்கு ஜப்பானில் ‘சொராமிமி’ என்பார்கள். இதற்கென்றே 1992 முதல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தனிப் பகுதி இருந்தது. நம்மிடம் இதற்கு ஒற்றைச் சொல் இல்லையே தவிர, பழக்கம் இல்லாமல் இல்லை. வரி புரியாத இந்திப் பாட்டை வாய்க்கு வந்தபடி பாடி வளராத வீடு எது?

‘காய்ந்த நிலா’ன்னா உலர்ந்து போன நிலாவா? வரியே தப்பா இருக்கே?

இல்லை, அழகான வரி. ‘காய்தல்’ என்றால் உலர்தல் மட்டும் அல்ல, ஒளி வீசுதலும்தான். ‘வெளியே நிலாக் காயுது’ என்று கிராமத்தில் இன்றும் சொல்வார்கள். வெயில் காய்வதும் அதே சொல்தான்.

இன்னொன்றும் உண்டு. ‘காட்டில் காய்ந்த நிலா’ என்பது நம் பழைய சொல்வழக்கு. ஆள் இல்லாத காட்டில் நிலவு எவ்வளவு பொழிந்தாலும் பார்ப்பதற்கு யாரும் இல்லை; யாருக்கும் பயன்படாமல் போகும் அழகையும் திறமையையும் அப்படிச் சொல்வார்கள். பாட்டின் முதல் வரியைக் கேட்கும்போது இந்த வழக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. காட்டிலிருந்து நிலாவை எடுத்துக் கல்லூரி வானத்தில் வைத்துவிட்டார்கள், அங்கே பார்ப்பதற்குக் கூட்டம் கூட்டமாக மாணவர்கள். அடுத்த வரியில் அந்த நிலா அவர்கள் நெஞ்சில் மேய்கிறது. மாடு மேய்கிற மாதிரி, அவசரமே இல்லாமல். சினிமாப் பாட்டு என்று ஒதுக்கிவிடாமல் ஒரு தடவை நிறுத்திப் படிக்க வேண்டிய வரி.

இதே மாதிரி வேற பாட்டுக்கு நடந்திருக்கா?

நிறைய. தலேர் மெஹந்தியின் பஞ்சாபிப் பாட்டு ‘துணக் துணக் துன்’ 1998-இல் வந்தது. அந்த ஆட்டம் 2007-இல் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற கணினி விளையாட்டில் ஒரு இனத்து ஆண் பாத்திரங்களின் நடனமாகவே வந்துவிட்டது. சிரஞ்சீவி நடித்த ‘தொங்கா’ என்ற 1985-ஆம் ஆண்டுத் தெலுங்குப் படத்தின் ‘கோலிமார்’ பாட்டை, மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ பாட்டை வைத்து ‘இந்தியத் திரில்லர்’ என்று பெயர் சூட்டி அமெரிக்காவில் பார்த்தார்கள்.

பென்னி லாவாவுக்கு ரொம்பவும் நெருக்கமானது ஓ-ஸோன் என்ற மால்டோவா நாட்டு மூவர் குழுவின் ருமேனிய மொழிப் பாட்டு. அது 2004-இல் ஐரோப்பா முழுக்கப் பெரிய ஹிட், அதனால் ‘கவனிக்கப்படாத பாட்டு’ என்று சொல்ல முடியாது. ஆனால் ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். அந்தப் பாட்டில் வரும் ‘நு ம இயேய்’ என்றால் ருமேனிய மொழியில் ‘நீ என்னைக் கூட்டிப் போகவில்லை’ என்று பொருள், பிரிவின் வலி. அது ஜப்பானியக் காதில் ‘நோமா நோமா யேய்’ என்று விழுந்தது. ‘நோமா’ என்பது அவர்கள் மொழியில் ‘குடிப்பது’ என்ற சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. யாரோ பூனைப் படம் வரைந்து ஒரு சின்ன அசைபடம் செய்தார்கள். பிரிவுப் பாட்டு அங்கே கொண்டாட்டப் பாட்டாகிவிட்டது.

இது நம்மைக் கேலி பண்றதுதானே? நாம கோபப்பட வேண்டாமா?

கோபப்படுகிறவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ‘பைத்தியக்கார இந்திய வீடியோ’ என்ற பொருளில்தான் அதற்குத் தலைப்பே வைத்திருந்தார்கள். சில வரிகள் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடியவை அல்ல. மூலப் பாட்டில் அப்படி எதுவும் கிடையாது, ஒருத்தியை நிலாவோடு ஒப்பிடும் காதல் பாட்டு அது. வெளிநாட்டுப் பள்ளிகளில் படித்த நம் பிள்ளைகளில் சிலரை இந்த வரியைச் சொல்லியே சீண்டியிருக்கிறார்கள். அது வலிக்கத்தான் செய்யும்.

தப்பாகக் கேட்டதற்காக எனக்குக் கோபம் இல்லை. மேலே சொன்னபடி எல்லாக் காதும் அப்படித்தான், நம் காதும்தான். என் வருத்தம் வேறு. அந்த வீடியோவைப் பார்த்த லட்சக்கணக்கானவர்களுக்கு மொழியின் பெயர் தெரியவில்லை. படத்தின் பெயர், இசையமைத்தவர் பெயர், ஆடியவர் பெயர் எதுவும் தெரியவில்லை. ஒரு பாட்டை எடுத்து எப்படி வேண்டுமானாலும் விளையாடட்டும், யாருடைய பாட்டு என்று ஒரு வரி போட்டிருக்கலாம். தெரிந்தவர்களாவது அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வரி வேடிக்கையா இருந்ததாலதான் ஓடிச்சு. பிரபுதேவாவுக்கு அதுல என்ன பங்கு?

பெரிய பங்கு. ஒலியை ஆங்கிலமாக்கும் வீடியோக்கள் அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கில் வந்தன, எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? இதை மட்டும் மறுபடி மறுபடி பார்த்தார்கள். ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள், காரணம் புரியும். ஒவ்வொரு தாளத்துக்கும் உடம்பில் ஒரு பதில் இருக்கிறது. கால், இடுப்பு, தோள், கழுத்து எல்லாம் தனித்தனியாகக் கணக்குப் போட்டுவிட்டு ஒரே இடத்தில் வந்து சேருகின்றன.

அவர் வெளிநாட்டு மேடைக்குப் புதியவரும் அல்ல. 1999-இல் மைக்கேல் ஜாக்சன் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடத்திய நிகழ்ச்சியில், ஏ. ஆர். ரகுமானின் இசைக்கு ஷோபனாவும் பிரபுதேவாவும் ஆடியிருக்கிறார்கள். ‘மின்சாரக் கனவு’க்காக நடன அமைப்புக்கான தேசிய விருதையும் அதற்கு முன்பே வாங்கிவிட்டார். இதெல்லாம் தெரியாமலேயே அமெரிக்கப் பிள்ளைகள் அந்த ஆட்டத்தில் மயங்கினார்கள். அந்த மயக்கத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இவ்ளோ பேர் பார்த்தாங்களே, பாட்டு எழுதினவங்களுக்குக் காசு போயிருக்குமா?

அப்போது அதற்கு வழியே சரியாக இல்லை. பிறர் ஏற்றும் வீடியோவில் தன் பாட்டு இருப்பதை உரிமையாளர் கண்டுபிடித்து வருமானம் எடுக்கும் ஏற்பாட்டை யூடியூப் 2007-இல்தான் தொடங்கியது. இங்கே இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் உரிமையை மொத்தமாகத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடுவதுதான் அப்போது வழக்கம். படத்துக்கு வெளியே பாட்டு பயன்படும்போது அவர்களுக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று சட்டம் தெளிவாகச் சொன்னது 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில். அதற்குள் பென்னி லாவா அலை ஓய்ந்துவிட்டது.

கொலவெறி, ரவுடி பேபி எல்லாம் இதோட தொடர்ச்சிதானா?

நேரடித் தொடர்ச்சி என்று சொல்ல மாட்டேன். 2011-இல் வந்த ‘கொலவெறி’ பாதிக்கு மேல் ஆங்கிலச் சொற்களாலேயே ஆன பாட்டு. வெளியூர்க்காரருக்குத் தப்பாகக் கேட்கும் வேலையே இல்லை, காதில் விழுந்தபடியே பாட முடிந்தது. எங்கிருந்து வருகிறது, யார் பாடுகிறார்கள் என்பதெல்லாம் முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரியும்.

‘மாரி 2’ படத்தின் ‘ரவுடி பேபி’ 2020-இல் யூடியூபில் நூறு கோடிப் பார்வைகளைத் தாண்டியது. அதன் நடன அமைப்பிலும் பிரபுதேவாவின் கை இருக்கிறது. பெயர் தெரியாமல் உலகம் சுற்றிய அதே ஆட்டக்காரர், இந்த முறை சொந்தப் பெயரோடு போனார்.

சரியான மொழிபெயர்ப்பு போட்டிருந்தா இவ்ளோ பிரபலம் ஆகியிருக்குமா?

ஆகியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கல்லூரி வானமும் நெஞ்சில் மேயும் நிலாவும் நமக்கு இனிக்கும், ஆங்கிலத்தில் எழுதினால் சாதாரணக் காதல் பாட்டின் துணைவரியாகக் கடந்து போயிருக்கும். தப்பான வரி ஆளைக் கூப்பிட்டது, ஆட்டம் உட்கார வைத்தது. இரண்டில் ஒன்று இல்லாமல் இருந்தாலும் நீங்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

என் வெளிநாட்டு ஃப்ரெண்ட் இன்னும் பென்னி லாவான்னே பாடுறான். அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது?

தப்பு என்று தொடங்காதீர்கள். அவர் இத்தனை வருடமாக ஒரு தமிழ்ச் சொல்லைச் சரியாகப் பாடிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லுங்கள். ‘பென்னி லாவா’ என்று எழுதச் சொல்லி, முதலில் உள்ள ‘பென்’னையும் கடைசியில் உள்ள ‘வா’வையும் விரலால் மறைத்துக் காட்டுங்கள். நடுவில் இருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததும் சன்னல் பக்கம் கூட்டிப் போய் மேலே கையைக் காட்டுங்கள். பௌர்ணமியாக இருந்தால் இன்னும் நல்லது.